பலர் கூடி மென்பொருள் எழுத கணனியை ஆயத்தம் செய்தல்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்குக் கணனிப் பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. முகாம் வாசலில் வரிசையில் நின்று பெயர் பதிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். பதிவேட்டில் பெயர் விழாவிட்டால் பாயும் இல்லை, அரிசியும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பதிவேட்டை இன்று மென்பொருளே வைத்திருக்கிறது. அம்மென்பொருளை எழுதுவோரின் கூட்டத்தில் பொகவந்தலாவைப் பிள்ளைகளும் சேரலாம் என்பதைச் சொல்லவே இப்பாடம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது எமது நாட்டில் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். பல இலட்சம் பேர் வீடிழந்தனர். யார் எந்த முகாமில், யாரை யார் தேடுகிறார், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்பவற்றை ஒரே இடத்தில் அறியக் கொழும்பிலுள்ள மென்பொருளாளர்கள் தொண்டர்களாகக் கூடி ஒரு மென்பொருளை எழுதினார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதை முன்னின்று நடத்தியது. அதற்கு இட்ட பெயர் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கவும் திருத்தவும் உரிமை கொடுத்திருந்தபடியால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. நமது தீவின் துயரத்தில் பிறந்த ஒன்று பிற நாட்டாருக்கு உதவியது சிறிய காரியமல்ல.

இப்படிப் பலர் கூடி எழுதுவதற்குக் கணனியை எப்படி ஆயத்தம் செய்வது?

விலையுயர்ந்த கணனி வேண்டாம். 4 கிகாபைற் நினைவகமுள்ள பழைய மடிக்கணனி போதும். அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளுங்கள். அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. நிரல் எழுத ஒரு சாதாரண எழுத்துத் தொகுப்பான், தமிழ் யுனிகோட் விசைப்பலகை ஆகியனவும் வேண்டும். இவற்றை ஒருவர் பக்கத்திலிருந்து காட்டினால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

முக்கியமானது அடுத்ததுதான். 'கிட்' என்னும் கருவியை நிறுவ வேண்டும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை எழுதினார். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை இது பதிந்து வைக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது கணக்குப்பிள்ளை கிலோவை மட்டும் எழுதிவிட்டுப் பெயரை விட்டால் என்ன நடக்கும்? மாத முடிவில் சண்டைதான். ஆகவே கிட்டை நிறுவியதும் முதல் வேலை, உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அதற்குச் சொல்லிக்கொடுப்பது. பலர் பாவிக்கும் கணனியானால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குத் திறக்க வேண்டும். ஒருவர் செய்த வேலை இன்னொருவர் பேரில் விழக்கூடாது.

பிறகு சாவிச் சோடி ஒன்றை உருவாக்குங்கள். ஒன்று பொதுச் சாவி, மற்றது இரகசியச் சாவி. பொதுச் சாவியைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியத்தில் கொடுத்து வைக்கலாம். இரகசியச் சாவி உங்கள் கணனியை விட்டு வெளியே போகக்கூடாது, நண்பருக்கும் கொடுக்கக்கூடாது.

இனி, களஞ்சியத்திலுள்ள மென்பொருளைப் பிரதி எடுக்கலாம். கிட் தருவது இன்றைய பக்கத்தை மட்டுமல்ல. தொடக்கம் முதல் நடந்த மாற்றங்கள் முழுவதும் உங்கள் கணனிக்கு வந்துவிடும். மலையில் வாழும் நமக்கு இது பெரிய வசதி. மழைக்காலத்தில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. லயத்திலிருந்தே எழுதி, திருத்தி, பதிந்து வைத்துக்கொள்ளலாம். ஹட்டனுக்குப் போகும் நாளில் மொத்தமாக அனுப்பிவிடலாம்.

இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாகத் திருத்தினால்? கிட் தானாகத் தீர்ப்புச் சொல்லாது. இரண்டையும் அருகருகே காட்டிவிட்டு நிற்கும். மனிதர்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். எங்கள் அபிப்பிராயத்தில் இக்கருவியின் மிக நல்ல குணம் இதுவே. இத்தகைய மோதல் குறைய, வேலையைத் தொடங்குமுன் மற்றவர்களின் புதிய மாற்றங்களை இறக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வேலையைத் தனிக் கிளையில் செய்யுங்கள். மற்றவர்கள் பார்த்துச் சம்மதித்த பின்பே அது மூலத்தோடு சேரட்டும்.

நிரல் எழுதத் தெரியாத பிள்ளை என்ன செய்வது? செய்ய நிறைய உண்டு. பதிவுப் படிவமொன்று வீட்டிலக்கமும் வீதியும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். லயத்தில் இருப்பவர் எதை எழுதுவார்? அவருடைய விலாசம் தோட்டம், டிவிஷன், லயம், காம்பரா என்றல்லவா போகிறது! ஒரே பெயரை ஒரு உத்தியோகத்தர் ஒரு விதமாகவும் மற்றவர் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு ஆள் இரண்டு ஆளாகிறார், அல்லது தேடும்போது கிடைக்காமலே போகிறார். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு முதல் நாட்களில் ஆளுக்கொன்றாகச் சொல்லப்பட்டதை மலையகம் மறக்கவில்லை. எங்கே படிவம் பொருந்தாது என்று எழுதி அனுப்புவதும், படிவத்தின் சொற்களை நல்ல தமிழில் தருவதும் மென்பொருள் வேலைதான். தலைநகரிலிருந்து எழுதுபவருக்குக் காம்பரா என்றால் என்னவென்று நாம் சொன்னால்தானே தெரியும்?

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மென்பொருள் பொதுச் சொத்து. குடும்பங்களின் விபரம் பொதுச் சொத்தல்ல. பரீட்சித்துப் பார்ப்பதற்காகக்கூட உண்மையான பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண் எதையும் களஞ்சியத்தில் போடாதீர்கள். மறுநாள் அழித்தாலும் பழைய பதிவில் அது இருக்கும். அதற்குள் பிரதி எடுத்தவர் எல்லாரிடமும் இருக்கும். ஓடி ஒளிந்து உயிர் தப்பியவரின் இருப்பிடம் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பரீட்சைக்குக் கற்பனைப் பெயர்களைப் பாவியுங்கள்.

முதற் பயிற்சியாக, மூவர் சேர்ந்து ஒரு வெற்றுக் களஞ்சியம் திறந்து, உங்கள் தோட்டத்துக்குப் பொருத்தமான பதிவுப் படிவம் ஒன்றைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஒரே வரியை வேண்டுமென்றே இருவர் திருத்தி, கிட் எங்கே நிற்கிறது என்றும் கவனியுங்கள்.