இரு தரப்பும் கேட்டு முடிவு செய்தல்

பருவமழை தவறிப் பால்வெட்டு நின்றால் நம் பெற்றோரின் கூலி குறைகின்றது. விலைவாசி ஏறினாலும் நம் அடுப்பே வாடுகின்றது. இவ்விரு கவலைகளையும் ஓர் அரசு எவ்வாறு சீர்தூக்குகின்றது எனக் காண்போம்.

புவி வெப்பத்தைக் கூட்டும் கரியமில வாயுவைக் குறைக்க, 2017ஆம் ஆண்டில் அண்டை நாடாகிய சிங்கப்பூர் கரிம வரியை முன்மொழிந்தது. டன்னுக்கு 10 முதல் 20 சிங்கப்பூர் வெள்ளி வரை என்பது முதல் எண்ணம். தொழில் நலியும், மின்கட்டணம் உயரும் என அஞ்சினர் ஒரு சாரார். வரி குறைந்தால் புகையும் குறையாது என்றனர் மறு சாரார். அரசு பலரிடமும் கருத்துக் கேட்டது. தொழில்கள் பழகிக்கொள்ளட்டும் என்று 2019இல் 5 வெள்ளியுடன் வரியைத் தொடங்கியது. 2024இல் 25 வெள்ளியாக உயர்த்தியது.

மாற்றுக் கருத்தைப் பகையெனக் கருதாது, பொறுமையுடன் கேட்டு ஆராய்ந்தபின் துணிதலே நல்லோர் நெறி. வகுப்பறையிலும் இல்லத்திலும் அந்நெறியை நாம் பழகுவோமாக!