பெட்டியைக் காட்டலாம், சாவியைக் காட்டாதீங்க!



நம்ம நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரவேண்டிய நாளை மின்னஞ்சலில் நினைவூட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்' கொண்டு ஒரு நிரல் எழுதி வருகிறேன். அதில் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி, இணையத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஏற்றிவிட்டேன்! மறுநாள் பதறிப்போய் அந்த வரியை அழிச்சேன். கணினி ஆசிரியர் சிரித்தார். பதிவு செய்த பழைய பிரதிகளை எல்லாம் 'கிட்' பத்திரமா வச்சிருக்குமாம். ஒரே கட்டளையில் அழித்த வரி திரையில் வந்து நின்றது. கடவுச்சொல்லையே மாற்ற வேண்டியதாயிற்று.

சரி, புதுசை எங்கே வைப்பது? 2018-ல் வந்த ரெயில்ஸ் 5.2-லிருந்து இதற்கு வழி உண்டு. கட்டளைத் திரையில் இப்படித் தட்டணும்:

எடிட்டர்=நானோ பின்/ரெயில்ஸ் கிரெடென்ஷியல்ஸ்:எடிட்

ரகசியக் கோப்பு பூட்டு நீங்கித் திறக்கும். கடவுச்சொல்லை எழுதிச் சேமித்து மூடினால் மறுபடி பூட்டிக்கொள்ளும். ('நானோ'வுக்குப் பதில் 'விஎஸ் கோட்' என்றால் கூடவே '--வெயிட்' போடுங்க. இல்லாட்டி நாம எழுதி முடிக்கும் முன்பே ரெயில்ஸ் பூட்டிவிடும். எனக்கு அரை மணி நேரம் போச்சு!)

இங்கே இரண்டு கோப்புகள் உண்டு. 'கிரெடென்ஷியல்ஸ்.ஒய்எம்எல்.இஎன்சி' என்பது பூட்டிய பெட்டி. 'ஏஇஎஸ்' முறையில், 128 பிட் சாவியால் பூட்டியது. இதை நிரலோடு சேர்த்தே ஏற்றலாம், பார்ப்பவருக்கு வெறும் கிறுக்கல்தான். 'மாஸ்டர்.கீ' என்பது சாவி. புது நிரல் தொடங்கும்போதே, 'கிட்' கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலில் ரெயில்ஸ் இதைச் சேர்த்துவிடும். நிரல் ஓடும் சர்வருக்கு மட்டும் 'ரெயில்ஸ்_மாஸ்டர்_கீ' என்ற சூழல் மாறியாகத் தனியே கொடுக்கணும்.

சாவி தொலைந்தால்? பெட்டியை யாராலும் திறக்க முடியாது, எழுதிய நானே ஆனாலும்! அதனால் ஒரு தாளில் கையால் எழுதி, உறையில் போட்டு, ஆசிரியரின் பீரோவில் வைத்தோம். மொத்தம் 32 எழுத்து. 0 முதல் 9, ஆங்கில 'ஏ' முதல் 'எஃப்' வரை மட்டுமே வரும். தாளைப் பார்த்துத் தட்டிச் சோதித்தபோது, சாவி தப்போ என்று ரெயில்ஸ் கேட்டது. என் கையெழுத்தில் சின்ன 'பி'யும் 6-உம் ஒரே மாதிரி!

இப்போ எல்லா 6-க்கும் அடியில் கோடு போட்டிருக்கேன்.