தொற்றாத படை

உடலுக்குத் தோல் ஓர் அரண். வெயிலின் கடுமையையும் நோய்க்கிருமிகளையும் தடுத்து, அஃது இரவும் பகலும் உடலைக் காத்து நிற்கின்றது. கோட்டைச் சுவரிற் பழங்கல் உதிர்ந்தவிடத்துப் புதுக்கல் வைத்தல் போல, தோலின் அடியில் நாள்தோறும் புதிய அணுக்கள் தோன்றி மேலெழ, பழையவை கண்ணுக்குப் புலப்படாமல் உதிர்கின்றன. ஓர் அணு தோன்றி உதிர்தற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும்.

இவ்வொழுங்கு குலைவதால் வரும் நோய்களுள் ஒன்று சொரியாசிஸ். சித்த மருத்துவர் இதனைக் காளாஞ்சகப்படை என வழங்குவர். இந்நோயில், ஒரு திங்களில் நிகழவேண்டிய வளர்ச்சி ஒரு வாரத்திற்குள்ளாகவே நிகழ்ந்துவிடும். உதிர்தற்குக் காலம் பெறாத அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, தடிப்புகளாகவும் அவற்றின்மேல் வெள்ளிபோல் வெளுத்த செதில்களாகவும் காணப்படும். முழங்கை, முழங்கால், தலை, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் இவை மிகுதியாகத் தோன்றும்.

இதன் காரணம் யாது? அழுக்கன்று, தொற்றும் கிருமியும் அன்று. காவற்படை தன் நாட்டு மக்களையே பகைவரென மயங்கித் தாக்குதல் போல, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் வழிதவறித் தன் தோலையே வருத்துகின்றது. பெற்றோர்வழி வரும் மரபுக்கூறு இதற்கு இடந்தரும். தொண்டைப்புண், மனக்கவலை, புகைபிடித்தல், மதுவருந்துதல், தோலிற் படும் காயம் முதலியன இதனைத் தூண்டும். ஆதலின், தொடுவதாலும் உடனிருந்து உண்பதாலும் இந்நோய் பிறரைப் பற்றாது.

இவ்வுண்மை அறியப்படாத காலத்து நேர்ந்த தீங்கு பெரிது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதனைத் தொழுநோயென்றே மயங்கி, நோயுற்றோரை ஊரினின்று ஒதுக்கினர். 1841ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் ஹெப்ரா என்பார், இவ்விரு நோய்களும் வெவ்வேறு எனத் தெளிவுற வகுத்துக் காட்டினார். ஆயினும் இகழ்ச்சி முற்றும் ஒழிந்திலது. 2014ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரப் பேரவை இதனைத் தொற்றாத நெடுநாள் நோயென உரைத்து, நோயாளரை ஒதுக்கும் வழக்கத்தை எதிர்த்தல் வேண்டுமெனத் தீர்மானம் இயற்றியது.

புறத்தே தோன்றும் இந்நோய் புறத்தளவில் நிற்பதன்று. நோயுற்றோர் நூற்றுவருள் 30 பேர் வரையில் மூட்டுவாதத்திற்கு ஆளாகின்றனர். காலையில் எழுந்தவுடன் மூட்டுகள் விறைத்திருத்தல், விரல் முழுதும் வீங்குதல், குதிகால் வலித்தல், நகத்திற் சிறுகுழிகள் விழுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைப் புறக்கணிப்பின் மூட்டு நிலையாகச் சிதையும். நோய் கடுமையாயின் மாரடைப்பு, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவை நேர்தற்கும் வாய்ப்பு மிகும். சிலருக்குக் கண்ணின் உட்பகுதி அழற்சியுற்றுச் சிவக்கும். இவையனைத்தினும் மறைந்து வருத்துவது மனச்சோர்வு. தோலின் துன்பத்தை மருந்து தணிக்கும். பிறர் முகஞ்சுளிப்பதால் வரும் துன்பத்தை எம்மருந்து தணிக்கும்?

இந்நோயை வேரோடு களையும் மருந்து இன்னும் காணப்படவில்லை. எனினும் களிம்பும் புற ஊதாக் கதிரும் மாத்திரையும் ஊசியும் கொண்டு இதனை அடக்கி வைத்தல் இயலும். ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமே வாங்கி உண்டு, தாமே திடீரென நிறுத்துவோர்க்கு நோய் முன்னினும் கடுமையாதல் கூடும். எனவே மருத்துவரை நாடி, அவர் சொல்வழி நிற்றலே தக்கது.

வகுப்பில் ஒருவன் கையிற் செதில் கண்டு, பக்கத்திலிருப்பவன் பலகையின் ஓரத்திற்கு விலகுகின்றான். விலகியவனுக்கு அதனால் வரும் நன்மை ஒன்றுமில்லை. விலக்கப்பட்டவனுக்கோ அன்றைய பாடம் செவியில் ஏறுவதில்லை. தொழுநோயும் இன்று மருந்தால் தீர்வதே. அங்ஙனமிருக்க, தொற்றாத நோயுடையானை ஒதுக்குதல் அறியாமையேயாம். அருகில் அமர்தற்குப் பொருட்செலவு இல்லை. அறிவும் அன்பும் இருந்தாற் போதும்.