கதவைச் சாத்தினாலும் வணக்கம் சொல்லிவிட்டு வா

தங்கச்சி, சுவிசேஷம் சொல்ல வீடு சந்திப்புக்குப் போய் வந்தால் இரண்டு நாளைக்கு மனசே சரியில்லை என்று சொல்கிறாய். கைப்பிரதியைக் கண் முன்னாலேயே கிழித்துப் போடுகிறார்கள், “எங்களுக்கும் சாமி இருக்கு, போம்மா” என்கிறார்கள், கூடப் படிக்கிற பிள்ளை பேசுவதையே நிறுத்திவிட்டாள். வலிக்கத்தான் செய்யும். வலிக்கிறதே என்று விசுவாசத்தைச் சந்தேகப்படாதே. ஆனால் அந்த வலியோடு அடுத்த சனிக்கிழமையும் கிளம்ப வேண்டுமானால், சில காரியங்களைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: “வேண்டாம்” என்று சொல்வது அவர்கள் உரிமை. மாற்கு பத்தாம் அதிகாரத்தில் வருகிற ஐசுவரியவானை நினைத்துப் பார். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. அவன் துக்கத்தோடு போய்விட்டான். இயேசு அவன் பின்னால் ஓடவில்லை, சொன்னதைக் குறைத்துக்கொள்ளவும் இல்லை, சபிக்கவும் இல்லை. போக விட்டார். ஆண்டவரே ஒரு மனிதனுக்கு மறுக்கிற சுதந்தரத்தைக் கொடுத்திருக்கும்போது, நாம் மட்டும் ஏன் அதை நம் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும்? ஒருவர் விசுவாசத்துக்கு வந்தால் அது பரிசுத்த ஆவியானவரின் கிரியை என்று சாட்சி சொல்கிறோம். வராதபோது மட்டும் “நான் சரியாப் பேசலை” என்று அழுவதில் நியாயம் இல்லை.

நம் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையை உனக்குக் கொடுக்கிறது. மனசாட்சியின் சுதந்தரத்தை எதிர்வீட்டு அம்மாவுக்கும் அதே பிரிவுதான் கொடுக்கிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நம் நடத்தைக்கு இது நல்ல எல்லை. பணம், வேலை, பள்ளிக்கூட சீட் என்று எதையும் காட்டிப் பேசாதே. சுகமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதே. அவர்கள் கும்பிடுகிற தெய்வத்தைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் வேண்டாம். பெற்றோர் இல்லாத நேரத்தில் பிள்ளைகளிடம் பேசவே பேசாதே. இப்படிச் சுத்தமாக நடந்தால், திட்டு வாங்கினாலும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

கிளம்பும்போது தனியாகப் போகாதே. இயேசு எழுபது சீஷரையும் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். சமையல் நேரம், சீரியல் நேரம், பரீட்சை மாதம் எல்லாம் பார்த்துப் போ. துக்க வீட்டில் கைப்பிரதி நீட்டாதே, சும்மா உட்கார்ந்துவிட்டு வா. “ஸ்தோத்திரம்” நமக்குள் சொல்வது, வெளியே “வணக்கம்மா” போதும். கூப்பிடாமல் வாசற்படி தாண்டாதே. யாராவது கோபப்பட்டால், “மன்னிச்சுக்கோங்க அண்ணா, நாங்க வர்றோம்” என்று சொல்லித் திரும்பிவிடு. வாதம் வேண்டாம், செல்போனில் படம் எடுக்கிற வேலையும் வேண்டாம். மிரட்டல் என்று தோன்றினால் அந்தத் தெருவை அன்றே விட்டுவிட்டு, வீட்டிலும் போதகரிடமும் சொல்லு. மறைத்து வைப்பதைத் தைரியம் என்று நினைக்காதே.

திரும்பி வந்ததும் நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. கூட வந்தவளோடு ஒரு டீ குடி. நடந்ததை அப்படியே பேசித் தீர்த்துவிடு. எலியா சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கி, மறுபடி சாப்பிட்ட பிறகுதான் ஓரேபுக்கு நடந்தான். வெறும் வயிற்றோடும் தூக்கம் கெட்டும் ஊழியம் செய்கிற பிள்ளைகள்தான் சீக்கிரம் உடைந்து போகிறார்கள். உபவாசம் இருக்கிற நாளில் வீடு சந்திப்பு வைக்காதே என்று நான் சொன்னால் சில பெரியவர்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்று அதில் எழுதாதே. மூட்டுவலிக்கார ஆச்சி, வேலை போன அண்ணன், பொதுத்தேர்வு எழுதப் போகிற பையன், இப்படி எழுது. திட்டினவர்களையும் எழுதி, ஒவ்வொருவருக்காகவும் ஜெபி. ஆத்துமாக்களை எண்ணிக்கையாக்கி அறிக்கை கேட்கிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. வாலிபப் பிள்ளைகளை இதைப்போல் சோர்வாக்குவது வேறு எதுவும் இல்லை.

மறுக்கிறவர் பேசத் தயாராக இருந்தால், காரணத்தைக் கேள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் வா. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த மிஷனெரி சீகன்பால்கு இப்படிக் காரணம் கேட்டார். தமிழ் படித்துக்கொண்டு, இங்கிருந்த தமிழர்களிடம் அவர்களுடைய வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் பற்றிக் கடிதத்தில் கேள்வி கேட்டார். கிறிஸ்தவ மார்க்கத்தை ஏன் ஏற்கவில்லை என்பதற்கும் அவர்கள் ஒளிவு மறைவு இல்லாமல் பதில் எழுதினார்கள்: ஐரோப்பியர் குடிக்கிறார்கள், பசுவைக் கொன்று தின்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை. அவர் அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடாமல் ஜெர்மன் மொழியாக்கி ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே அவை அச்சேறின. இத்தனைக்கும் அவரை 1708-ல் கோட்டையில் நான்கு மாதம் போலச் சிறை வைத்தது தமிழர் இல்லை, டேனிஷ் அதிகாரிதான். சொந்த ஆட்களிடமிருந்து வருகிற எதிர்ப்பும் உண்டு என்று தெரிந்துகொள்.

பலன் தெரிய நாளாகும். மிஷனெரி வில்லியம் கேரி 1793-ல் வங்காளத்துக்கு வந்து 1800 டிசம்பர் வரை அங்கே ஓர் இந்தியருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. முதலில் வந்த கிருஷ்ண பால் ஒரு தச்சர். அவர் கை மூட்டு விலகியபோது டாக்டர் ஜான் தாமஸ் போய்ச் சரி செய்ததில்தான் பழக்கம் நெருங்கியது. இந்த ஏழு வருஷத்தைப் பிரசங்கங்களில் பெருமையாகச் சொல்கிறார்கள். அதே வருஷங்களில் மகன் பீட்டரைப் பறிகொடுத்து மனநிலை பாதிக்கப்பட்ட அவர் மனைவி டாரதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். உன் வீட்டில் அம்மாவுக்கு முடியாமல் இருந்தால், அந்த வாரம் வீட்டில் இரு. அதனால் ஊழியம் நின்றுவிடாது.

வீட்டுக்குள்ளேயே மறுப்பு இருந்தால் பேச்சைக் குறைத்துக்கொள். இயேசுவின் சகோதரர்களே முதலில் அவரை விசுவாசிக்கவில்லை. நீ காலையில் பாத்திரம் துலக்குவதையும் அண்ணனிடம் மரியாதையாகப் பேசுவதையும் உன் வீட்டார் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினவர்கள், ஆபரேஷன் என்றோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ ஒருநாள் ஆள் அனுப்பக்கூடும். அப்போது போ. அன்றைக்குத் திட்டினதை ஞாபகப்படுத்தாதே. ஜெபம் செய்யட்டுமா என்று கேட்டு, சரி என்றால் சுருக்கமாகச் செய், வேண்டாம் என்றால் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, ரத்தம் கொடுக்க ஆள் தேவையா என்று விசாரி. கைப்பிரதிப் பையை மட்டும் அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ.