சமையலறைக்கு ஏற்ற சட்டை எது?

மாணவர்களே! உங்கள் அண்ணன் உணவு விடுதிச் சமையலறையில் முதன்முதலாக வேலைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாலியெஸ்டர் சட்டை, பருத்திச் சட்டை இவ்விரண்டில் எதை அணியச் சொல்வீர்கள்?

பாலியெஸ்டர் சுமார் 260° செ. வெப்பநிலையில் உருகும். அடுப்புச் சுவாலை பட்டால், உருகிய இழை தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பருத்தியும் தீப்பற்றக் கூடியதே. ஆனால் அது உருகுவதில்லை, கருகும். எனவே பருத்தியே நல்லது.

பெரிய விடுதிகளில் சமையற்காரரின் மேலங்கி மார்பில் இரண்டு மடிப்பாக இருக்கும். மடிப்புகளுக்கு இடையே தங்கும் காற்று ஓர் அரிதிற்கடத்தி. துணி நனைந்தால் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும்! ஈரமான கரித்துணியால் சூடான வாணலியைப் பிடித்தால் கை சுடுவது இதனால்தான். அந்த ஈரம் கொதித்து ஆவியானால் இன்னும் ஆபத்து. 1 கிராம் நீராவி தோலில் பட்டு நீராகும்போதே சுமார் 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே உடையும் கரித்துணியும் உலர்ந்திருக்க வேண்டும்.

வடை பொரியும் எண்ணெய் ஏறத்தாழ 180° செ. சூட்டில் இருக்கும். அது காலில் சிந்தினால் ரப்பர் செருப்பு காக்காது. பாதத்தை மூடிய, வழுக்காத காலணி தேவை.

சூடான எண்ணெய் உடையில் ஊறினால் உடனே கழற்றிவிட்டு, சுட்ட இடத்தில் குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். தோலில் ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காமல் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.

உங்கள் சட்டை எந்த இழையால் ஆனது? கழுத்துப்பட்டியில் உள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள்!