கொல்லைப்புறத்தில் ஒரு கேம்ப்

எங்கள் கூடாரம் பறந்துபோய் அடுத்த வீட்டுக்காரரின் கார்மேல் உட்கார்ந்தபோது இரவு மணி இரண்டு இருக்கும். அதுவரை அக்கம்பக்கத்தார் சொன்ன ஒவ்வொரு யோசனையையும் நாங்கள் பயபக்தியோடு கடைப்பிடித்திருந்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

2025 மே 24, சனிக்கிழமை. கோடை விடுமுறை. பிள்ளைகளுக்கு ரிஷிகேஷில் கங்கைக்கரைக் கூடாரத்தில் தங்க ஆசை. எனக்கு மாதக் கடைசி. டெல்லி ஜங்புராவில் நாங்கள் குடியிருக்கும் தரைத்தள வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டுக்குப் பதினைந்து அடியில் ஒரு கொல்லை உண்டு. பாதி புல், பாதி சிமென்ட், மூலையில் ஒரு வேப்பமரம். வாடகை ஒப்பந்தத்தில் இதற்குப் பெயர் 'லான்'. கேம்ப்பிங் அங்கேயே என்று முடிவாயிற்று.

மாலை ஆறு மணிக்குக் கூடாரத்தைப் பிரித்தேன். மேல்மாடி அங்கிள் பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஏழு மணிக்குள் மூன்று வீட்டு மதில்களின்மேலும் தலைகள். பெருநகரத்தில் அடுத்த வீட்டுக்காரன் செத்தால்கூடத் தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். செத்தால் தெரியாமல் போகலாம். கூடாரம் போட்டுப் பாருங்கள், தெரியும்.

நம்பிக்கை: வீட்டுக்குள் புழுக்கம், வெளியே படுத்தால் ஜில்லென்று இருக்கும்.

மேல்மாடி அங்கிள் சிறுவயதில் மொட்டைமாடியில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்தவர். அவர் நினைவில் பொய்யில்லை, நகரம்தான் மாறிவிட்டது. பகல் முழுக்க வெயிலை வாங்கிய சிமென்டும் தாரும் செங்கல்லும் அதை இரவு முழுக்க மெதுவாகத் திருப்பிக் கொடுக்கின்றன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு ஏசி, தன் வீட்டுச் சூட்டை அடுத்தவன் தலையில் கொட்டுகிறது. 2024 ஜூன் 19 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை 35.2 டிகிரி. மறுபடி படியுங்கள், *குறைந்தபட்ச*. அப்படிப்பட்ட ஊரில் மூச்சு விடாத நைலான் துணிக்குள் நான்கு பேர் படுத்தால் என்ன ஆகும்? இட்லிக் கொப்பரையின் உள்ளே மாவு என்ன நினைக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

தரையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள், தெளித்தோம். வறண்ட காற்றில் அது வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், கூலர் ஓடுவதும் அந்த விதியில்தான். ஆனால் அந்த மே மாதம் மழை மேல் மழை, காற்றெல்லாம் ஈரம். தெளித்த தண்ணீர் எங்கேயும் போகவில்லை, எங்கள் பாய்க்குள் வந்தது.

நம்பிக்கை: ராத்திரி வெளியில் படுத்தால் டெங்கு வரும்.

இடதுபக்கத்து ஆன்ட்டியின் பங்களிப்பு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகல்நேரத் தொழிலாளி. காலையிலும் மாலையிலும்தான் மும்முரமாகக் கடிக்கும். அது முட்டையிடுவது சாக்கடையில் அல்ல, கூலர் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம் போன்றவற்றில் தேங்கும் ஓரளவு சுத்தமான தண்ணீரில். ஆன்ட்டியின் வீட்டுக் கூலர் எங்கள் மதிலை ஒட்டி இருக்கிறது என்பதை நான் வாய்திறந்து சொல்லவில்லை. நள்ளிரவில் எங்களை மொய்த்தவை பெரும்பாலும் க்யூலெக்ஸ், அழுக்குத் தண்ணீரில் பிறப்பவை. பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாய் பக்கத்திலேயே ஓடும்போது பஞ்சமா?

வேப்பிலைப் புகை போட்டோம். புகை கனமாக இருக்கும்வரை கொசு சற்றுத் தள்ளி நிற்கும், நமக்கும் கண் எரியும். புகை கலைந்ததும் கொசு திரும்பும், கண்ணெரிச்சல் மட்டும் தங்கிவிடும். நம்பிப் பயன்படுத்தக்கூடியவை இரண்டு. ஒன்று, விளிம்பைப் பாய்க்கடியில் செருகிய கொசுவலை. இன்னொன்று, தோலில் பூசும் கொசுவிரட்டிக் களிம்பு.

இதோடு ஒன்று, இது சிரிக்கும் விஷயமில்லை. புகையில்லாத கரி நெருப்பு ஆபத்தில்லை என்று நினைத்துக் குளிர்காலத்தில் மூடிய அறையிலும் கூடாரத்திலும் அங்கீட்டி என்ற கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் வடக்கே இன்னும் இருக்கிறார்கள். கொல்வது புகையல்ல, கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போகலாம்.

நம்பிக்கை: ராத்திரி மரத்தடியில் படுத்தால் மரம் மூச்சை உறிஞ்சிவிடும்.

ஊரில் இதைச் செய்வது முனி, டெல்லியில் கார்பன் டை ஆக்சைடு. வேலை ஒன்றுதான், யூனிஃபார்ம் வேறு. மரம் இரவில் கரியமில வாயு விடுவது உண்மை. ஆனால் திறந்தவெளியில் அது கலைந்து போய்விடும். பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறவரின் மூச்சுக்குப் பயப்படாதவர்கள் வேப்பமரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. இதன் மறுபாதியான 'அரசமரம் மட்டும் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும்' என்பதும் பொய். ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் பிறக்க ஒளி வேண்டும், அரசமரத்துக்கு அதில் சலுகை கிடையாது. மரத்தடியில் நிஜமாகவே பயப்பட வேண்டியது காய்ந்த கிளைக்குத்தான். அது பிறகு.

நம்பிக்கை: சுற்றிலும் பூண்டு தேய்த்தால் பாம்பு வராது.

திருநெல்வேலியிலிருந்து மாமியார், வீடியோ காலில். அரைக் கிலோ பூண்டு. பாம்பு பூண்டை மதிப்பதாக எந்த ஆதாரமும் இல்லை, உப்பையும்தான். ஆனால் தரையில் படுப்பவர்கள் அஞ்ச வேண்டிய பாம்பு ஒன்று உண்மையில் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும், தூங்குகிறவரைக் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை தொங்கும். கிராமத்தில் தரையில் படுக்கிறவர்களுக்கு இதற்கும் நல்ல காவல் அதே கொசுவலைதான். எங்கள் கொல்லைக்குப் பாம்பு வரவில்லை. பூண்டு வாசனைக்குத் தெருநாய்கள் மூன்று வந்தன.

நம்பிக்கை: வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருந்தால் நனையாது.

கூடாரத் துணியில் 1500, 3000 என்று மில்லிமீட்டர் கணக்குப் போட்டிருப்பார்கள். துணியின்மேல் அத்தனை உயரத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று பொருள். கணக்கு துணிக்குத்தான், தையலுக்கு அல்ல. தையல் துளைகள் வழியே மழை வரும். மழையே இல்லாவிட்டாலும் நான்கு பேர் விடும் மூச்சு உட்கூரையில் வேர்த்துச் சொட்டும். என் கூடாரத்தின் அட்டைப்பெட்டியில் எண்ணே இல்லை. 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லும், பனிமலையின் படமும், சிரிக்கும் குடும்பமும் மட்டும்.

முளைகள் அடிக்க முடியவில்லை. புல்லுக்கு நான்கு விரற்கடை கீழே சிமென்ட். மேல்மாடி அங்கிளின் ஆணைப்படி செங்கல்லிலும் துளசி மாடத்திலும் கயிற்றைக் கட்டினேன். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். இதை அங்கிளிடம் சொல்லியிருக்கலாம்தான். அவர் ரயில்வேயில் இருந்தவர், நான் வெறும் நிருபன்.

நள்ளிரவு தாண்டி ஆந்தி வந்தது. நம்மூரில் இதற்குச் சரியான சொல் இல்லை, புழுதிப்புயல் என்றால் பாதிதான் வருகிறது. எல்லாம் ராஜஸ்தான் மணல் என்பார்கள். கோடையில் மேற்கிலிருந்து தூசி வருவது நிஜம். ஆனால் இந்தத் திடீர்ச் சீற்றம் இடிமேகத்தின் வயிற்றிலிருந்து குளிர்ந்த காற்று தடாலென்று தரையில் விழுந்து நாலாபக்கமும் சிதறுவதால் வருவது. வழியில் கிடக்கிற புழுதியை அது வாரிக்கொள்ளும். அன்றிரவு சஃப்தர்ஜங்கில் பதிவான வேகம் மணிக்கு 82 கிலோமீட்டர். சில மணி நேரத்தில் 80 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 1901 முதல் உள்ள பதிவுகளில் டெல்லியில் மொத்தத்தில் மிக அதிகமாக மழை பெய்த மே மாதம் அதுதான். எங்கள் கேம்ப்பிங்குக்கு நான் தேர்ந்தெடுத்த மாதம்.

செங்கல் உருண்டது. வேப்பங்கிளை ஒன்று முறிந்து நாங்கள் படுத்திருந்த இடத்தில் விழுந்தது. நல்லவேளை, அதற்குள் 'கூடாரத்துக்குள் இருந்தால் இடி இறங்காது, ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்' என்ற மேல்மாடிக் குரலை முதல்முறையாகக் கேட்காமல் வீட்டுக்குள் ஓடிவிட்டோம். மின்னலுக்குக் கூடாரமும் ஒன்றுதான், கைக்குட்டையும் ஒன்றுதான். ஆகாயத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்து வருவதை அரை அங்குல ரப்பர் என்ன செய்யும்? கட்டடம் அல்லது கதவு மூடிய கார், இரண்டே இடம்தான். 'அர்ஜுனா, அர்ஜுனா' என்றும் சொல்லிக்கொண்டோம். தீங்கில்லை. ஓடிக்கொண்டே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

விடிந்ததும் கார்க்காரர் வந்தார். கண்ணாடியில் கீறல். "மதராசி லோக்..." என்று தொடங்கி, என் மனைவி வெளியே வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சொல்லுக்கும் ஒரு திருத்தம் போட்டுவிடலாம். மதராசி என்றால் மெட்ராஸ்காரன் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. விந்தியத்துக்குத் தெற்கே யாராக இருந்தாலும் மதராசி. அறியாமைதான், ஆனால் வேரில்லாத அறியாமை அல்ல. பழைய மெட்ராஸ் மாகாணம் ஒடிசாவின் கஞ்சம் தொட்டு மலபார் வரை விரிந்து கிடந்தது. மாகாணம் போயிற்று, சொல் மட்டும் வாடகை தராமல் தங்கிவிட்டது.

அன்று ஞாயிறு. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா எட்டு மணிக்கு வந்து, கிழிந்த கூடாரத்தையும் பூண்டையும் முறிந்த கிளையையும் பார்த்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கேம்ப்புல படுக்கணும்னு ஆசன்னா எங்க ஊட்டுக்கு வரலாம்ல சார்? எதுக்குக் கூடாரம்?" என்றார்.

அவர் வீடு அப்போது மதராசி கேம்ப்பில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடை தூரம். நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பாராபுல்லா நாலாவின் கரையில்.

நம்பிக்கை: கேம்ப் என்றால் தற்காலிகம்.

டெல்லியில் இந்தச் சொல்லுக்குத் தனி அகராதி. வடக்கே கிங்ஸ்வே கேம்ப் இருக்கிறது. 1911 தர்பாருக்குக் கூடாரங்கள் அடித்த பகுதி, 1947க்குப் பிறகு பிரிவினை அகதிகளுக்கு முகாம், இன்று மெட்ரோ நிலையமும் கோச்சிங் சென்டர்களும். தெற்கே பூமிஹீன் கேம்ப், நவஜீவன் கேம்ப் என்று அப்போது இருந்தன. எதிலும் கூடாரம் இல்லை. மதராசி கேம்ப்பிலும் செங்கல் சுவர், கேஸ் அடுப்பு, ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் இருந்தன. அறுபது ஆண்டு அளவில் பழைய குடியிருப்பு. அங்கிருந்த பெண்களில் பலர் ஜங்புராவிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டுவேலை செய்தார்கள், பிள்ளைகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். அக்கா பிறந்ததே அங்கேதான். "ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானே" என்று இடதுபக்கத்து ஆன்ட்டி அவரிடம் ஒருமுறை கேட்டார். திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசும் அறிவித்தது. அக்காவுக்கு விழுப்புரம் என்பது அம்மா சொன்ன கதை.

சரி, ஜங்புரா என்ற பெயருக்கு என்ன பொருள்? ஜங் என்றால் போர், எனவே போர்க்களம் என்பார் மேல்மாடி அங்கிள். போரெல்லாம் இல்லை. யங் என்ற ஆங்கிலேய டெபுடி கமிஷனரின் பெயரால் யங்புரா, வாயில் உருண்டு ஜங்புரா. புதுடெல்லி கட்டுவதற்காக ரைசினா கிராமத்தாரை அப்புறப்படுத்தியபோது அவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் இது. ராஷ்டிரபதி பவன் எழ இடம் விட்டவர்கள்.

நம்பிக்கை: கேம்ப்தான் நாலாவை அடைத்தது. எல்லோருக்கும்தான் மாற்று வீடு கொடுத்துவிட்டார்களே.

நாலாவைத் தூர்வாரவும் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்கவும் கேம்ப்பை அகற்ற வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9 அன்று உத்தரவிட்டது. ஜூன் 1 முதல் இடிப்பு. நாலாக்கரையில் வீடுகள் நெருக்கியடித்து நின்றது நிஜம், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கூடாரம் பறந்த அதே இரவில், நகரின் நடுவே மின்டோ பாலத்தடியில் கார் மூழ்கியது. அங்கே எந்த மதராசி குடிசை போட்டிருந்தான்? பாராபுல்லா ஒரு காலத்தில் மழைநீர் ஓடிய ஓடை. ஜஹாங்கீர் காலத்தில் அதன்மேல் கட்டிய பாலம் இன்னும் நிற்கிறது. பாரா என்றால் பன்னிரண்டு, வளைவுகளை எண்ணிப் பார்த்தால் பதினொன்றுதான், தூண்கள்தான் பன்னிரண்டு. அந்த ஓடையைத் தென்டெல்லி முழுவதும் சேர்ந்து சாக்கடையாக்கியது. எங்கள் வீட்டுக் குழாயும் அதில் உண்டு.

மாற்று வீட்டுக் கணக்கு இது: மொத்தம் 370 வீடுகள், தகுதி உடையவை என்று ஏற்கப்பட்டவை 189. அதாவது பாதிக்கு ஒரு பிடி அதிகம். ஒதுக்கிய வீடுகள் நரேலாவில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, டெல்லியின் மறுகோடியில். அங்கிருந்து காலை எட்டு மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அக்காவின் பெயர் பட்டியலில் இருந்தது. ஒரே சுவரைப் பகிர்ந்த அவர் தம்பியின் பெயர் இல்லை.

அந்த வாரம் மழை விட்டு விட்டுப் பெய்தது. வியாழக்கிழமை அக்கா கணக்கை முடித்துக்கொள்ள வந்தார். நான் கூடாரத்தைத் தைத்து மடித்து வைத்திருந்தேன், தம்பிக்கு ஆகுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் அதை விரித்து, துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதுல தண்ணி எறங்கும் சார். கீழ விரிச்சிருந்தீங்களே ஒரு தார்ப்பாய், அத குடுங்க. வண்டியில சாமான் மேல போடணும்."

கொடுத்தேன். கயிற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.