எண்பது எழுத்துக்குள் ஓர் அறிமுகம்

அன்புள்ள மருமகளுக்கு,

டெபியன் லினக்ஸ் போட்ட கையோடு "இதுல ஒண்ணுமே இல்ல மாமா" என்று எழுதிவிட்டாய். 2023 ஜூனில் டெபியன் 12 வெளிவந்தபோதே அதன் களஞ்சியத்தில் 64 ஆயிரத்துக்கும் அதிகமான மென்பொருள் பொதிகள் இருந்தன. உனக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது, கண்ணில்தான் படவில்லை.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அனகாபுத்தூர், பம்மல் பக்கம் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பாஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

வேதியியலுக்கு ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தாய். டெர்மினலில் ஆப்ட் சர்ச் என்ற கட்டளையைப் போட்டு, கெமிஸ்ட்ரி என்று ஆங்கிலத்தில் அடி. வரும் பட்டியலில் கல்ஸியம் என்று ஒரு பொதி இருக்கும். மெடிக்கல் ஷாப் மாத்திரை மாதிரிப் பெயர்! பக்கத்திலேயே, தனிம அட்டவணையும் வேதியியல் கருவிகளும் என்று ஒரு வரி விவரம். ஆப்ட் ஷோ கொடுத்துப் பார். சமன்பாட்டுக்கு விடை காணும், மூலக்கூறை முப்பரிமாணத்தில் காட்டும் என்று விரிவாகச் சொல்லும். தேடல் பெயரோடு நிற்காமல் விவரத்தையும் துழாவுவதால்தான் அது உனக்குக் கிடைக்கிறது.

அந்த ஒரு வரி 80 எழுத்துக்குள் அடங்க வேண்டும், பொதியின் பெயரையே அதில் திரும்பச் சொல்லக் கூடாது என்பது டெபியனின் நெறி. நல்ல நெறி. ஆனால் எழுதுகிறவர்களில் பலர் எந்த மொழியில் எழுதிய நிரல், எந்த நூலகத்தைச் சார்ந்தது என்றே அடுக்குகிறார்கள். நம்மூர் வாழைநார்ப் புடவையை வாங்க வருகிறவரிடம் தறியின் அளவைச் சொல்வது போலத்தான் இது. உடுத்தினால் எப்படி இருக்கும் என்பதுதானே அவருக்கு வேண்டும்?

எதை அதிகம் பேர் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தும் தேடாதே. டெபியனில் பாப்கான் என்ற கணக்கெடுப்பு உண்டு. சம்மதித்தவர்களின் கணினியிலிருந்து மட்டும் வாரந்தோறும் பட்டியல் போகும். அதில் முன்னால் நிற்பவை பெரும்பாலும் எல்லாக் கணினியிலும் தானாகவே வந்து உட்காரும் அடிப்படைப் பொதிகள். உன் வேதியியல் பாடத்துக்கு அவற்றால் ஆவதொன்றும் இல்லை.

பொதி விவரங்களை மொழிபெயர்க்க டெபியனில் தனித் திட்டமே இருக்கிறது. கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றியவருக்கு, மொழிபெயர்ப்பு இருந்தால் ஆப்ட் அதையே காட்டும். இந்த லீவில் கல்ஸியத்தின் விவரத்தை பிளஸ் ஒன் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் எழுதி எனக்கு அனுப்பு. திருத்தம் இருந்தால் சொல்கிறேன். உன் பெயரிலேயே டெபியனுக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
மாமா